செவ்வாய்க்கிழமை வர்றனுங்க

அந்தம்மா ஷூ மாட்டும்போது எந்த வீட்டிலும் யாரும் பேச மாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கான்வாஸ் ஷூ. வாசல்படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கக் குனிந்து நாடாவை இழுத்துக் கட்டுவார். கனத்த உடம்பு, ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்த இரண்டு நிமிஷமும் படுக்கையில் கிடப்பவர், பக்கத்தில் நிற்பவர்கள், வேலிக்கு அந்தப்புறம் எட்டிப் பார்க்கிற அக்கம்பக்கம், எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அடுத்த செவ்வா வர்றனுங்க" என்று சொன்னால் வீடே மூச்சு விடும். ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினால், வீட்டுப் பெரியவர் உள்ளே போய் உறவுக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லி ஒரு வீட்டை விட்டு இறங்குவதில்லை. வர்றேன் என்றுதான் சொல்வோம். பெண் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்ட மாப்பிள்ளை வீட்டார்கூட "வர்றோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் வேனில் ஏறுவார்கள். வருவார்களா என்ன? அது வாயில் தானாக வருகிற ஒரு சத்தம். எழவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும். இந்தச் சத்தத்தை ஒரு வார்த்தையாக மதித்த மனுஷி நான் பார்த்த வரைக்கும் அந்த சிஸ்டர் ஒருவர்தான்.

வாழவந்திக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் ஆட்களுக்கு ஆஜர் போட்டு வேலைக்கு அனுப்புவது என் பிழைப்பு. ஆளைப் பார்த்தால் எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்தம்மா முதன்முதலில் தோளில் ஒரு பெரிய பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி கூலியாட்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகளைப் பார்த்து நடந்து வந்தபோது வழிமறித்தேன்.

"ஏனுங்க, ஜெபம் பண்றவங்களா?"

"இல்லீங்க, புண்ணு கழுவறவங்க" என்றார். "தண்ணி காய வெக்க ஒரு சட்டி கெடைக்குமுங்களா?"

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் மலைக்கு நர்ஸ் அனுப்பத் தொடங்கியிருந்த சமயம் அது. இனி குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை அவரவர் வீட்டிலேயே வந்து பார்ப்பார்கள். அதற்கு முன்னால் வலி மாத்திரைக்கும் கீழேதான் போக வேண்டும். எலும்புவரை நோய் இறங்கிய ஆளை பஸ்ஸில் உட்கார வைத்து இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கினால் என்ன ஆகும்? ஒருமுறை போனவர் மறுமுறை போக மாட்டார். வீட்டிலேயே கிடந்து கத்திக் கத்தி ஓய்வார். மலை முழுவதற்கும் அந்தம்மா ஒருவர்தான். ஒரு நாளைக்கு ஒரு திசை, எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை.

வலிக்கிறதா என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களிடம் அதைக் கேட்டுப் பிரயோசனமும் இல்லை. மரம் விழுந்து கால் நசுங்கினவனும் "பரவால்லீங்க" என்றுதான் சொல்வான். பெரியவர்களிடம், படித்தவர்களிடம் வலிக்கிறது என்று சொன்னால் அது மரியாதைக் குறைவு. லைனில் மிளகு பறிக்க மரம் ஏறிக்கொண்டிருந்த ஒரு ஆளுக்கு முதுகெலும்பில் நோய். கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போதெல்லாம் பரவால்லீங்க, பரவால்லீங்க என்று சொல்லி, வெறும் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வந்திருந்தார். அந்தம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தீங்க?" என்று கேட்டார்.

அந்த ஆள் யோசித்தார். "படுக்கலீங்க. பத்து நாளா செவுத்துல சாஞ்சுதானுங்க உக்காந்திருக்கறேன்."

கீழே டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மார்ஃபின் என்கிற வலி மாத்திரை கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுக்க வேண்டும். கூடவே மலமிளக்க ஒரு மாத்திரை. "அதைக் குடுத்து இதைக் குடுக்காம உட்டுட்டீங்கன்னா, அந்த வலி போயி வேற வலி வந்துரும். அப்பறம் என்னத்தான் திட்டுவாரு" என்று சிரித்தார். மறுநாள் மதியம் அந்த ஆளின் பெண்சாதி தலைவிரிகோலமாக என்னிடம் ஓடி வந்தாள். "ரைட்டரே, எந்திரிக்க மாட்டேங்கறாரு!" போய்ப் பார்த்தால் மனுஷன் கால் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பத்து நாள் தூக்கம். அவள் நம்பாமல் மூக்கில் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படுமுன் அந்தம்மா கடைசியாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. போர்வைக்குள் கையை விட்டு முழங்காலைத் தொட்டுப் பார்ப்பார். அங்கே சூடு இருக்கிறதா, தணிந்துவிட்டதா, தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு மூச்சை எண்ணுவார். அதற்குப் பிறகுதான் ஷூ. அடுத்த வாரம் தானும் வர முடியும், படுத்திருப்பவரும் இருப்பார் என்று மனசுக்குப் பட்டால் வர்றேன் என்ற வார்த்தை வரும். இல்லையென்றால் நோயாளியின் பாதத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

மழையில் பஸ் வராத நாட்களில் என் வண்டியில் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அப்படித்தான் தலைச்சோலையில் ஒரு விவசாயியைப் பார்த்தேன். வயிறு ஊதி, கை கால் குச்சியாகிக் கிடந்தார். அன்று அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். மகன்கள் அழத் தொடங்கினார்கள். அந்த மனிதர் மட்டும் தெளிவாக, "அழுவறது இருக்கட்டும், மாட்டைப் புடிச்சுட்டு வாங்கடா" என்றார். அவருடைய உழவு மாடு. கொட்டகையிலிருந்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார்கள். அது உள்ளே தலையை நீட்டிப் பார்த்தது. "ஏன்டா இப்படி எளைக்க உட்டிருக்கறீங்க? தவிடு வெக்கறீங்களா இல்லியாடா?" என்று மகன்களைக் கண்டபடி திட்டினார். மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார். திட்டித் தீர்த்துவிட்டுப் போனதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்ததாக மகன்கள் பின்னால் என்னிடம் சொன்னார்கள்.

எல்லா வீடும் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. வெள்ளக்கடையில் ஒரு பையன், சாகக் கிடந்த அப்பாவுக்கு ஒரே மகன், அந்தம்மாவின் ஷூவில் ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டான்.

"வர்றேன்னு சொல்லுங்க, அப்பறம் தர்றேன்."

"சாமி, நான் வர்றது வேணும்னா என் கையில. அவரு இருக்கறது என் கையிலயா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சும்மாவாச்சும் சொல்லிட்டுப் போங்க."

"சும்மா சொல்றதுக்கு நான் எதுக்கு, கண்ணு? அதுக்குத்தான் ஊரு முச்சூடும் ஆளு இருக்குதே."

ஒற்றைக் காலில் ஷூவும் மற்றொரு காலில் வெறும் சாக்ஸுமாக ஈர மண்ணில் நடந்து என் வண்டியில் ஏறிக்கொண்டார். முக்கால் மைல் போனதும் அந்தப் பையன் குறுக்குப் பாதையில் ஓடி வந்து வண்டியை நிறுத்தி, அழுதுகொண்டே ஷூவை அவர் காலில் மாட்டிவிட்டான். அந்தம்மா அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்போதும் வர்றேன் என்று சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இது என்ன பிடிவாதம், ஒரு வார்த்தைதானே என்று தோன்றியது.

வழியில் கேட்டே விட்டேன். "ஏனுங்க சிஸ்டர், அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருமுங்க?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் காதருகே குனிந்து சொன்னார். "நான் பெரிய ஆஸ்பத்திரில வார்டு பாத்தவ, ரைட்டரே. அங்க டாக்டருங்க, நாங்க, பாக்க வர்ற ஒறம்பரைக்காரங்க அத்தன பேரும் நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. படுத்துக் கெடக்கறவங்க அதை நம்பி, சொல்ல வேண்டியதை எல்லாம் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வெச்சுருவாங்க. ஒரு பொம்பள எங்கிட்ட ஏதோ சொல்ல வாய் எடுத்தா. கை வேலையா இருந்தேன். நாளைக்கு வர்றேன் அம்மிணின்னு சொல்லிட்டுப் போனேன். காலைல பாத்தா பெட்டு காலி. என்ன சொல்ல வந்தான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. நொம்ப நாளா மனசுக்குள்ளயே கேட்டுக்கிட்டு இருக்கறேன்."

அதைக் கேட்டுத் தலையாட்டினேன். காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

அடுத்த வருஷம் என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் மனைவி ருக்மணி மார்பில் ஒரு கட்டியை ஒன்றரை வருஷம் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள். அறுவை, ஊசி மருந்து என்று எல்லாம் பார்த்து, கடைசியில் நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். இன்னொரு ரவுண்டு ஊசி போட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ருக்மணி வேண்டாம் என்றாள். "வாந்தி எடுத்துட்டே சாவறதுக்கு, என்ற ஊட்ல கஞ்சி குடிச்சுட்டுச் சாவறேன்" என்றாள். ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த எங்கள் ஒரே மகன் குமரேசனால் அதைத் தாங்க முடியவில்லை. கோயமுத்தூர் கூட்டிப் போகிறேன், பெங்களூர் கூட்டிப் போகிறேன் என்று நின்றான். சிஸ்டர் வந்து மார்ஃபின் மாத்திரை கொடுத்த அன்று அவன் வீட்டில் இருந்தான்.

"இது என்ன மாத்திரைன்னு உனக்குத் தெரியுமாப்பா? போதை மருந்து. தூங்க வெச்சே கொன்னுருவாங்க. நீங்க மூணு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க. அப்பறம் நான் எதுக்கு?"

பையைத் தூக்கிக்கொண்டு போனவன் மூன்று மாதம் போன் செய்யவில்லை. ருக்மணியும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. அது என் குடும்பத்து வீம்பு அல்ல, அவள் குடும்பத்தது என்று நான் சொல்வதுண்டு.

சிஸ்டர் ருக்மணியிடம் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்குத் தலை நீங்களே சீவுனீங்களா அம்மிணி?" என்பது. ருக்மணி தலையை முக்காட்டால் மூடிக்கொண்டாள். ஒரு வாரமாகக் கையைத் தூக்க முடியாமல் சீவாமலே முடிந்து வைத்திருக்கிறாள், கூடவே இருந்த எனக்குத் தெரியாது. சிஸ்டர் அன்று முதலில் செய்தது தலை சீவிப் பின்னிவிட்டதுதான். மாத்திரை அதற்குப் பிறகு.

புண்ணிலிருந்து வாடை வர ஆரம்பித்திருந்தது. அந்த வாடைக்குப் பயந்து ருக்மணி யாரையும் உள்ளே விட மாட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ரோட்டில் நின்றபடியே நலம் கேட்டுவிட்டுப் போவார்கள். சிஸ்டர் என் பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிழித்து, இட்லிப் பானையில் ஆவி கட்டி எடுத்தார். ஒரு மாத்திரையைக் காகிதத்தில் வைத்துக் கரண்டிக் காம்பால் நுணுக்கி, கழுவிய புண்ணின்மேல் திருநீறு தூவுவது போலத் தூவினார். எனக்கும் செய்யக் கற்றுக்கொடுத்தார். நாலாம் நாள் வாடை நின்றது. ஐந்தாம் நாள் ருக்மணியே ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "ஏ புள்ள, உள்ள வந்து உக்காரு, ஒரு வெங்காயத்த உரிச்சுக்கிட்டே பேசலாம்" என்றாள். அன்று எங்கள் வீட்டில் நாலு பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் காப்பிக் காட்டுக்குள் போய் நின்று அழுதேன்.

ஒவ்வொரு செவ்வாயும் அந்தம்மா "அடுத்த செவ்வா வர்றேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனதும் ருக்மணி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். "பாத்தீங்களா, இன்னொரு வாரம் குடுத்துட்டாங்க. ஆஜர் போட்டுக்கங்க ரைட்டரே" என்பாள். பத்துப் பன்னிரண்டு வாரம் இப்படி ஓடியது. ஒருநாள் அவள் சிரிக்காமல் சொன்னாள்: "அந்தம்மா சொல்லாமப் போற அன்னிக்குக் குமரேசனைக் கூப்புட்டிருங்க. அதுக்கு முன்னால கூப்புட வேண்டாம். அவனா வரோணும்." நான் சரி என்றேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. சிஸ்டர் போர்வைக்குள் கையை விட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அங்கேயே வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தது. பிறகு அடுக்களைக்கு வந்து கை கழுவினார். நானும் பின்னாலேயே போனேன்.

"பையனை வரச் சொல்லுங்க" என்றார் மெதுவாக.

"சிஸ்டர், அவகிட்ட மட்டும் வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க. சொல்லாமப் போனீங்கன்னா இன்னிக்கே செத்துருவா. பயந்தே செத்துருவா."

"அம்மிணி பயப்படற ஆளுங்களா? உங்களுக்குத்தான் பயம்."

"ஆமாங்க, எனக்குத்தான். எனக்காகச் சொல்லுங்க." அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில், அடுப்பங்கரை ஈரத்தில் மண்டி போட்டு, ஒரு பெண்பிள்ளையின் காலைப் பிடித்தேன்.

அவர் பின்னுக்கு நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். அன்று காலை நாகலூர் பக்கமும் போய்விட்டு நனைந்து வந்திருந்தார். சோர்ந்திருந்தார். ருக்மணிமேல் அவருக்குப் பிரியம் விழுந்திருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். "பையனுக்கு இன்னிக்கே போன் பண்ணிருவீங்களா?" என்றார். "இப்பவே பண்றனுங்க" என்றேன்.

வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கட்டினார். எழுந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "செவ்வாக்கெழம வர்றேன் அம்மிணி" என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை இன்றுவரை உறங்க விடாதது. அந்தக் குரலைக் கேட்டதும் நானே நம்பிவிட்டேன். காலைப் பிடித்து வாங்கிய பொய்யை, கால் மணி நேரத்தில் நான் மெய் என்று நினைத்துவிட்டேன். பொய் சொல்லாத வாய் அல்லவா? ஒருவேளை வெளியே வந்தபிறகு மனசு மாறி உண்மையாகவே ஒரு வாரம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனைக் கையில் எடுத்தேன். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டேன்.

ருக்மணி தெளிச்சியாக இருந்தாள். வியாழக்கிழமை அவளே பேச்சை எடுத்தாள். "எனக்கு வீம்பு போயிருச்சுங்க. குமரேசனைக் கூப்புட்டிரலாம்."

"இப்பவே கூப்புடட்டா?"

"வேண்டாம், வேண்டாம். இந்தக் கோலத்துல பாத்தா பயந்துக்குவான். செவ்வாக்கெழம சிஸ்டரு வந்து புண்ணைக் கழுவி, தலையச் சீவி உட்டுருவாங்க. மொகம் கழுவிப் பொட்டு வெச்சுக்கறேன். அன்னிக்குச் சாயங்காலம் கூப்புடலாம். அதான் வர்றேன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"ஆமா, சொல்லியிருக்காங்க" என்றேன் நான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆட்களுக்கு ஆஜர் போட்டுவிட்டு நான் திரும்பி வந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் மூச்சு நின்றது. வலி இல்லை. கடைசிவரை வலி இல்லை, அதை அந்தம்மா பார்த்துக்கொண்டார். குமரேசன் சாயங்காலம் வந்து சேர்ந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், "நான் வர்றதுக்கு ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை பஸ் நின்றது. அந்தம்மா இறங்கினார். நான் ஞாயிற்றுக்கிழமையே போன் செய்து சொல்லியிருந்தேன், தெரிந்துதான் வந்தார். கழுவப் புண் இல்லை, கொடுக்க மாத்திரை இல்லை, பையும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்து, கட்டில் கிடந்த இடத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். குமரேசன் அவர் முன்னால் வந்து நின்றான்.

"போன செவ்வாக்கெழம நீங்க வந்தப்ப அம்மா எத்தன நாளு இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க தம்பி."

"அப்பறம் எதுக்கு அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னீங்க? அதை நம்பித்தான் அம்மா என்னைக் கூப்புடாம இருந்திருக்காங்க. பக்கத்து ஊட்டு அக்கா சொன்னாங்க. ஊரு முச்சூடும் நீங்க பொய் சொல்ல மாட்டீங்கங்கறாங்க. என்ற அம்மாகிட்ட மட்டும் எதுக்குச் சொன்னீங்க?"

அந்தம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பையனை வரச் சொல் என்று என்னிடம் சொல்லியிருந்ததும், நான் காலைப் பிடித்ததும், இப்பவே பண்றேன் என்று வாக்குக் கொடுத்ததும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டுத்தான் சொன்னாங்க என்று மூணே வார்த்தை. அது வரவில்லை.

அவர் என்னை விட்டுக் கண்ணை எடுத்து, குமரேசனைப் பார்த்து, "சொல்லியிருக்கக் கூடாதுங்க. தப்பு என்ற மேலதான்" என்றார்.

குமரேசன் கத்தினான். அப்பவே தெரியும் எனக்கு, கொல்றதுக்குத்தான் வந்தீங்க, வெளியே போங்க என்றெல்லாம் சொன்னான். அந்தம்மா கையை ஊன்றி எழுந்து வெளியே போனார். நான் மகனின் தோளைப் பிடித்துச் சமாதானப்படுத்தினேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் அந்த அழுகையை வாங்கிக்கொண்டு நின்றேன். மனுஷன் எவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்பதற்கு வேறு எங்கும் நான் தேடிப் போக வேண்டியதில்லை.

காரியம் முடிந்து போகுமுன் குமரேசன் டீக்கடையில் சொன்னான், பஸ் ஸ்டாண்டில் சொன்னான், மலைப் பையன்கள் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குரூப்பிலும் எழுதினான். அதற்குப் பிறகு அந்தம்மா ஷூ கட்டும்போது யாரும் வாயைப் பார்க்கவில்லை. செவ்வா வர்றனுங்க என்று அவர் சொன்னால், "ரைட்டர் ஊட்லயும் இதையேதான் சொன்னாங்க" என்று பின்னால் முணுமுணுத்தார்கள். சொல்லாமல் போனாலும் நம்பவில்லை. சில வீடுகளில் கதவையே திறக்கவில்லை. அவர் தன் தரப்பை எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எப்படியும் காதுக்கு வந்திருக்கும், இந்த மலையில் எதுவும் மறையாது.

தை மாதம், கீழ் லைனில் ஒரு ஆளுக்குத் தாடையில் நோய் முற்றிவிட்டது. அவர் பெண்சாதி என்னிடம் வந்து நின்றாள்.

"ரைட்டரே, அந்த நர்ஸம்மாளைக் கூப்புடலாமுங்களா? உங்க பையன் வேண்டாம்னு சொல்லியிருக்கறாராமா. நீங்க பாத்தவங்க. நீங்க சொன்னா சரிங்க."

நல்லவங்க, கூப்பிடு என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொன்னால், அப்புறம் ஏன் உங்கள் மகன் அப்படிச் சொல்கிறான் என்று அவள் கேட்பாள். அது ஓசூர்வரை போகும்.

"உங்களுக்கு எப்படித் தோணுதோ பாத்துப் பண்ணுங்க" என்றேன்.

அவள் கூப்பிடவில்லை. அந்த மனிதர் பத்தொன்பது நாள் இருந்தார். அவர்கள் வீடு என் வீட்டுக்கு நேர் கீழே. பட்டப்பகலில், காப்பிக் கொட்டை காயப்போட்ட களத்தில் நான் நிற்கும்போது அந்தச் சத்தம் மேலேறி வரும். பாதித் தாடை போன வாயிலிருந்து வருகிற சத்தம், அதில் வார்த்தை எதுவும் இருக்காது. வேலையாட்கள் குனிந்த தலை நிமிராமல் கொட்டையைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். மூன்று தடவை அந்தம்மாவின் நம்பரை எடுத்து வைத்துப் பார்த்தேன். பங்குனியில் அவருக்கு வேறு மலை கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எந்த மலை என்று நான் விசாரிக்கவில்லை.

அம்மா போனதிலிருந்து குமரேசன் தினமும் போன் செய்கிறான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறான். அந்தப் பத்தொன்பது நாளில் ஒருநாள் களத்தில் நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா அது, பின்னால யாரோ கத்தற மாதிரி இருக்குது?"

"கீழ் லைன்ல ஒருத்தருக்கு ஒடம்பு செரியில்ல."

"ஐயோ பாவம். யாருகிட்டயும் காட்டலியாப்பா?"

"காட்டியிருக்காங்க கண்ணு" என்றேன்.